நிறைவுறா மண்ணில் கரைபொருள் நகர்வு

நிறைவுறா மண்ணில் கரைபொருள் நகர்வு என்பது, நிலமட்டத்திற்கும் நிலத்தடி நீர்மட்டத்திற்கும் இடைப்பட்ட மண், பாறை ஆகியவற்றின் ஊடாக, நீரில் கரைந்த பொருட்கள் இடம்பெயர்ந்து பரவுவதைக் குறிக்கும். இப்பகுதியின் நுண்துளைகளில் நீருடன் காற்றும் இருப்பதால் இது நிறைவுறா வலயம் எனப்படுகிறது. வயலில் இடப்படும் உரங்களும் பூச்சிகொல்லிகளும் இவ்வலயத்தைக் கடந்தே நிலத்தடி நீரை அடைகின்றன. அவை எப்பொழுது, எவ்வளவு செறிவில் சென்றடையும் என்பதைக் கணிக்கக் கணித மாதிரிகள் பயன்படுகின்றன.

நீரோட்டம்

கரைபொருளின் நகர்வைக் கணிக்க முதலில் நீரோட்டத்தை அறிதல் வேண்டும். நீர் நிறைந்த மணலுக்கு என்றி டார்சி 1856 இல் கண்ட விதியை, எட்கார் பக்கிங்காம் 1907 இல் நிறைவுறா மண்ணுக்கு விரிவாக்கினார். அதனை நீரின் திணிவுக் காப்புடன் இணைத்து 1931 இல் லாரன்சோ ரிச்சர்ட்சு வெளியிட்ட சமன்பாடு ரிச்சர்ட்சு சமன்பாடு எனப்படுகிறது. மண் உலரும்போது பெரிய துளைகள் முதலில் வெறுமையாவதால், நீர்க்கடத்துதிறன் பன்மடங்கு குறைகிறது. எனவே இச்சமன்பாடு நேரியலற்றது; பெரும்பாலும் கணினி மூலமே தீர்க்கப்படுகிறது.

கரைபொருளின் நகர்வு

மாதிரிகள் பின்வரும் செயல்முறைகளைக் கருத்திற் கொள்கின்றன:

* நீரோட்டத்துடன் செல்லல்
* செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு விரவுதல்
* துளைகளில் நீரின் வேகம் வேறுபடுவதால் சிதறுதல்
* மண் துகள்களின் பரப்பில் ஒட்டிக்கொள்ளல்
* நுண்ணுயிர்களால் சிதைதல்

எடுத்துக்காட்டாக, கனவளவில் 30 விழுக்காடு நீர் கொண்ட ஒரு படையினூடாக ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் நீர் இறங்கினால், அந்நீரும் அதில் கரைந்த நைட்ரேட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் கீழிறங்கும். மண்ணில் ஒட்டும் பொருட்கள் இதைவிட மெதுவாக நகரும்.

இங்கிலாந்தின் சாக் பாறை

தென்கிழக்கு இங்கிலாந்தின் முதன்மையான நிலத்தடி நீர்த்தேக்கம், சாக் எனப்படும் மென்மையான வெண்சுண்ணப் பாறையாகும். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் டிரிட்டியத்தின் அளவு 1963 இல் உச்சமடைந்தது. 1960களின் இறுதியில் பெர்க்சயர் பகுதியில் பாறையைத் துளைத்து ஆய்ந்தபோது, அந்த உச்சம் சில மீட்டர் ஆழத்தையே எட்டியிருந்தது. நகர்வின் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் என இதிலிருந்து அறியப்பட்டது.

சில இடங்களில் நீர்மட்டம் பல பத்து மீட்டர் ஆழத்தில் உள்ளது. ஆகையால், உரப் பயன்பாடு குறைக்கப்பட்ட பின்னரும் கிணற்று நீரில் நைட்ரேட்டு பல ஆண்டுகள் உயரக்கூடும். கிணற்று நீரை மட்டும் அளந்தால் கட்டுப்பாடு பயனற்றதாகத் தோன்றும். வரவிருக்கும் மாசை மாதிரியே முன்கூட்டிக் காட்டும். குடிநீரில் நைட்ரேட்டு மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஆக்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும்.

வரம்புகள்

வேர்த்துளைகள், வெடிப்புகள் ஆகியவற்றின் வழியே நீர் விரைந்து இறங்கும்போது மேற்கண்ட எளிய கணக்கு பொருந்தாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்படை மெல்லியது. அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் கொண்டது. அங்கு வேளாண் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட்டு மேற்கூறிய அளவைத் தாண்டியுள்ளது. இத்தகைய இடங்களுக்கு, விரைந்தோடும் நீரையும் துளைகளில் தேங்கிய நீரையும் தனித்தனியே கணிக்கும் இரட்டை வலய மாதிரிகள் பயன்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* நிலத்தடி நீர்
* டார்சியின் விதி
* நீர் மாசுபாடு