பச்சைக் களிம்பும் ஒரு ரப்பர் வாஷரும்

போன வாரம் பேரன் தன் ஸ்கூட்டரின் ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் போய் வந்தான். "பாடி எர்த் விட்டுப் போச்சாம் தாத்தா, பத்து நிமிஷ வேலை" என்றான். எனக்கு அந்தப் பத்து நிமிஷ வேலையால் ஏழு வருஷம் போனது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் 'மாஸ்' என்றுதான் சொல்வார். 'மெத்ர் அ லா மாஸ்' என்றால் கம்பியின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ப்பது. (இப்போது பிள்ளைகளிடம் 'மாஸ்' என்றால் சினிமா கதாநாயகனின் நடையைக் காட்டுகிறார்கள்.) ஆங்கிலேயர் இதற்கு 'எர்த்' என்று பெயர் வைத்தார்கள், அமெரிக்கர் 'கிரவுண்டு' என்றார்கள். யோசித்துப் பார்த்தால் பிரெஞ்சுக்காரன் சொல்வதே சரி. கார் நான்கு ரப்பர் டயர் மேல் நிற்கிறது, அதற்கும் பூமிக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பெயர் தந்தியிலிருந்து வந்தது. 1838-இல் மியூனிக் நகரில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்குப் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி என்று இரண்டு வேண்டாம், இரண்டு முனையிலும் தகட்டைப் புதைத்தால் மண்ணே திரும்பும் வழியாகிவிடும் என்று காட்டினார். பாதிக் கம்பி மிச்சம். 1912-இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரும் விளக்கும் வந்தன. அதன்பின் மோட்டார் வண்டிகளில் மின்சாரம் பெருகப் பெருக, அதே சிக்கனம் அங்கேயும் நிலைத்தது. பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி போகும், திரும்பி வருவது வண்டியின் உடம்பு வழியாக. இரும்பும் இரும்பும் சேருமிடம் சுத்தமாக இருக்கும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எந்த முனையை உடம்போடு சேர்ப்பது என்பதில் தேசத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆங்கிலக் கார்களில் முப்பதுகளின் நடுவிலிருந்து அறுபதுகள் வரை பாசிட்டிவ் முனையைத்தான் உடம்பில் கட்டினார்கள். பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருந்தால் பொறி சுலபமாகப் பாயும் என்று காரணம் சொல்வார்கள். காயிலின் இரண்டு கம்பியை மாற்றிக் கட்டினாலே அது கிடைத்துவிடும், அதற்காக வண்டி முழுவதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. செம்புக் கம்பியின் அரிப்பு குறையும் என்ற காரணமாவது நம்பும்படி இருந்தது. அப்புறம் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. அதோடு உலகம் முழுக்க நெகட்டிவ் எர்த் ஆயிற்று.

அப்பா 1971-இல் பழையதாக வாங்கிய கார் 1964-இல் செய்த ஆங்கில வண்டி, பாசிட்டிவ் எர்த். வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தவறு என்னுடையது, கம்பெனியை ஏன் வம்புக்கு இழுக்க வேண்டும்? அதன் டேஷ்போர்டு மரப்பலகை. தகர டேஷ்போர்டு என்றால் மீட்டரைத் திருகினாலே எர்த் கிடைத்துவிடும். மரத்தில் மின்சாரம் போகாதே, அதனால் மீட்டருக்கு மீட்டர் ஒரு கறுப்புக் கம்பி மாலைபோல் ஓடி, கடைசியில் இன்ஜின் பக்கத்துத் தகரச் சுவரில் ஒரு போல்ட்டில் முடியும். ஆங்கில வண்டிகளில் கறுப்பு எப்போதும் எர்த்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றபோது அவர் எழுதிக் கொடுத்தார். அப்போதே சொல்தா. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை, நானும் அவரோடு இந்தியனாகி, பிறகு சர்க்கார் குமாஸ்தா ஆனேன். அண்ணன் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் அப்பாவின் கார் அவருக்குத்தான்.

1983-ஆம் வருஷ மழைக்காலத்தில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தகரத்தில் துரு ஏறியது. கடற்கரை ஊரில் இது சகஜம். டிசம்பரில் லீவு போட்டு, நானே கழற்றி, சுரண்டி, அழகாகப் பெயிண்ட் அடித்தேன். அங்கே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பா இருந்தது. அது கடகடவென்று ஆடுகிறதே என்று ஒரு ரப்பர் வாஷர் போட்டுத் திருகினேன். அலுவலகத்தில்கூட அவ்வளவு சிரத்தையாக வேலை செய்ததில்லை.

அந்தத் தகர டப்பாவின் பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் சராசரியாகப் பத்து வோல்ட் கொடுப்பது அதன் வேலை. உள்ளே இரட்டை உலோகப் பட்டை ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய சூட்டுக் கம்பி. சூடேறினால் பட்டை வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் சேரும். சூட்டுக் கம்பிக்கு எர்த் அந்த டப்பாவின் உடம்பு வழியாகத்தான். எர்த் போனால் பட்டை சூடேறாது, இணைப்பு துண்டிக்கவே துண்டிக்காது, பேட்டரியின் முழு வோல்டேஜும் முள்ளுக்குப் போகும். இரண்டு முள்ளும் உள்ளதைவிட அதிகம் காட்டும்.

இதெல்லாம் பிறகு தெரிந்து கொண்டது. அப்போது சூட்டு முள் ஏறுகிறதே என்று ரேடியேட்டரைக் கழுவினேன். பெட்ரோல் முள்ளைப் பார்த்து, வண்டி நன்றாக மைலேஜ் தருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

1984 பொங்கல் முடிந்து அண்ணன் கிளம்பினார். மீனம்பாக்கத்தில் பம்பாய் விமானம், அங்கிருந்து பாரிஸ். அப்போதெல்லாம் திண்டிவனம் வழிதான். முள் பாதிக்கு மேலே காட்டியது. "பெட்ரோல் போட வேண்டாமா?" என்று புதுச்சேரியிலேயே கேட்டார். "தாராளமா இருக்கு அண்ணே" என்றேன். அச்சிறுபாக்கம் தாண்டி, முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது.

லாரிக்காரர்கள் நிறுத்தினார்கள், ஆனால் அவர்களிடம் இருந்தது டீசல். சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி, கேன் தேடி, பெட்ரோலோடு திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. விமானம் போய்விட்டது. அண்ணனுக்கு ராணுவம் முடிந்து ஒரு தொழிற்சாலையில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது, குறித்த நாளில் போய்ச் சேரவேண்டும். நான்கு நாள் கழித்துத்தான் அடுத்த இடம் கிடைத்தது. அந்த நான்கு நாளும் அவர் அம்மாவிடம் மட்டும் பேசினார். கிளம்பும்போது என்னிடம், "நீ ஃபைலைப் பார்க்கிறவன், அப்பா வண்டியை ஏன் தொட்டே?" என்றார். பிறகு கடிதம் எல்லாம் அம்மா பெயருக்குத்தான் வந்தது.

முத்தியால்பேட்டையில் எலக்ட்ரிக் வேலை பார்த்த பாய் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். இரண்டு முள்ளையும் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாப் பொய் சொல்லுதே கிளார்க் சார், அப்ப பொய் வேற எடத்துலதான் இருக்கு" என்றார். ஒரு முழக் கம்பியை எடுத்து, ஒரு முனையை அந்த டப்பாவிலும் மறுமுனையைக் கதவுக் கீலிலும் வைத்தார். பெட்ரோல் முள் மெதுவாக, நிதானமாக இறங்கி உண்மையான இடத்தில் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுத்தம் செய்வதை நானே செய்கிறேன் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எர்த் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். எங்கள் வண்டிக்கு அது பாசிட்டிவ். பழக்கத்தில் நெகட்டிவை முதலில் அவிழ்த்தால், ஸ்பேனர் தகரத்தில் பட்டவுடன் தீப்பொறிதான். மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்தேன். முன் சீட்டை எடுத்துவிட்டு, தலையணை போட்டு, தலை பெடல் பக்கமும் கால் வாசலிலுமாக மல்லாந்து படுத்தேன். ஸ்பீடாமீட்டர் கேபிளின் திருகை விரல் நுனியால் சுழற்றி எடுத்தபிறகுதான் கை உள்ளே போனது. கண்ணுக்குத் தெரியாததை அம்மாவின் கைக்கண்ணாடியில் பார்த்தேன். போல்ட்டில் மூன்று கறுப்புக் கம்பி, மூன்றின் வளையத்திலும் பச்சைக் களிம்பு. இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டியது ஏன் என்று அப்போது புரிந்தது.

வளையங்களைப் பளபளக்கும்வரை தேய்த்தேன். போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு என் அழகான பெயிண்டைச் சுரண்டினேன். ரப்பர் வாஷரை எறிந்துவிட்டு, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினேன். எல்லாம் இறுகியபின் மேலே வாஸ்லின், உப்புக் காற்று ஏறாமலிருக்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று, கழுத்து வலி வியாழன் வரை.

அண்ணனுக்குப் பிரெஞ்சில் நான்கு பக்கம் எழுதினேன், படம் போட்டு. பதில் இல்லை. அவர் அடுத்து வந்தது 1991-இல், அம்மாவின் காரியத்துக்கு. பதினாறாம் நாள் முடிந்து சாயங்காலம் பார்த்தால் காரின் கதவு திறந்திருந்தது, இரண்டு கால் வெளியே நீட்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "படத்துல போல்ட்டை இடது பக்கம் போட்டிருக்கே, வலது பக்கம்ல இருக்கு" என்றார்.

"கண்ணாடியில பார்த்து வரைஞ்சேன் அண்ணே."

அந்த வாரம் மீனம்பாக்கத்துக்கு நான்தான் ஓட்டினேன். முள் முக்கால் டேங்க் காட்டியது, அது உண்மையும்கூட. ஆனாலும் திண்டிவனத்தில் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, தன் காசில் டேங்க்கை வழியும்வரை நிரப்பினார்.