எட்டுக் கோப்பைத் தேத்தண்ணியும் ஒரு முன்தீர்மானமும்

அண்மையில் எங்கட வாசிப்பு வட்டத்துக்கு வருகிற தங்கச்சி ஒருத்தி ஒரு பை நிறைய வினாக்கொத்துகளோடு வந்தாள். இறுதி வருடச் செயற்றிட்டமாம். விடுதியில் தங்குகிற மாணவர்களுக்கும் தினமும் பஸ்சில் வந்துபோகிற மாணவர்களுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பார்க்க 20 கேள்விகள் கேட்டிருக்கிறாள். 120 பேர் நிரப்பிக் குடுத்தும் முடிஞ்சுது. "இனி இதுக்கு என்ன டெஸ்ட் போடுறது அண்ணா?" எண்டு கேட்டாள்.

எங்களுக்குச் சிரிக்க மனம் வரவில்லை. எங்கட காலத்தில் நாங்களும் இதைத்தான் செய்தோம். முதலில் தரவு, பிறகு கேள்வி. பிழை டெஸ்டில் இல்லை, இந்த ஒழுங்கில்தான் இருக்கு. அது ஏன் எண்டு விளங்க, ஒரு நூறு வருசம் பின்னால் போய் ஒரு தேத்தண்ணிக் கதையைப் பார்க்கவேணும்.

இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1919இல் வேலைக்கு வந்தவர் றொனால்ட் பிஷர். அங்கே ஒரு பின்னேரம், அல்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்த மியூரியல் பிறிஸ்டலுக்கு அவர் தேத்தண்ணி ஊற்றிக் குடுத்தார். பிறிஸ்டல் வேண்டாம் எண்டார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினால்தான் தனக்குப் பிடிக்கும், எது முதலில் ஊற்றப்பட்டது என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் எண்டார். பக்கத்தில் நின்ற வில்லியம் றோச், சோதிச்சுப் பார்ப்போமே எண்டாராம்.

பிஷர் 1935இல் எழுதிய பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இந்தச் சம்பவம், ஆட்களின் பெயர் இல்லாமல், ஒரு பாடமாக வருகிறது. எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேத்தண்ணி முதலில். இது குடிப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லப்படும். எந்தக் கோப்பை எப்போது வரும் என்பது மட்டும் எழுமாறாக. எல்லாக் கோப்பையிலும் சூடும் சாயமும் அச்சொட்டாக ஒரேயளவாக இருக்கச் செய்வது யாராலும் ஏலாத காரியம். எழுமாற்று ஒழுங்கு இருந்தால் அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஒரு பக்கத்துக்கே சாயாது.

அடுத்து, "அவருக்கு வித்தியாசம் தெரியாது, வெறுமனே ஊகிக்கிறார்" எண்டு வைத்துக்கொள்கிறோம். இதுதான் சூனியக் கருதுகோள். அந்தப் பெயரும் இந்த நூலோடுதான் வந்தது. எட்டிலிருந்து நான்கைத் தெரிவு செய்ய 70 வழிகள் உண்டு. ஊகத்தாலேயே நான்கும் சரியாக வர வாய்ப்பு 70இல் 1, அதாவது 1.4%. குறைந்தது மூன்று சரிவர 70இல் 17, ஏறத்தாழ 24%. ஆகவே நான்கும் சரியெண்டால் மட்டுமே நம்புவோம் எண்டு தீர்மானிக்கலாம். ஒரு பிழை விட்டாலும் நம்ப முடியாது.

இவ்வளவும் கேத்தில் அடுப்பில் ஏற முதலே போட்ட கணக்கு. நான்கு கோப்பைகள் மட்டும் வைத்திருந்தால் வழிகள் 6தான். அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் அது 17% வாய்ப்புள்ள விசயம். அப்படியொரு சோதனை நடத்தி என்ன பயன்? ஆறு கோப்பைகள் எண்டால் 20இல் 1, மட்டுமட்டாக 5%. எத்தனை பேரிடம் கேட்பது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் வரவேணும். கையில் எத்தனை படிவம் மிஞ்சியது என்பதிலிருந்து அல்ல. சுவாரசியம் என்னவெண்டால், பிறிஸ்டல் சரியாகச் சொன்னாரா இல்லையா என்பதைப் பிஷரின் நூல் சொல்லவேயில்லை. திட்டம்தான் அவருக்கு முக்கியம்.

1938இல் இந்தியப் புள்ளிவிபரவியலாளர்களின் முதல் மாநாட்டுத் தலைமையுரையிலும் பிஷர் இதையே சொன்னார். பரிசோதனை முடிந்தபின் புள்ளிவிபரவியலாளரிடம் போவது பிரேத பரிசோதனை கேட்பது மாதிரி, எதனால் செத்தது எண்டு மட்டும்தான் அவரால் சொல்ல முடியும் என்பது அதன் சாரம்.

இப்ப தங்கச்சியின் 20 கேள்விகளுக்கு வருவோம். உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லை எண்டே வைப்போம். ஒவ்வொன்றையும் 5% மட்டத்தில் சோதித்தால், அவை ஒன்றில் ஒன்று தங்காதவை எண்டால், ஒன்றிலாவது தற்செயலாக "வித்தியாசம் உண்டு" எண்டு வர வாய்ப்பு 64%. அந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் எழுதினால் அது அழகாக இருக்கும். பொய்யாகவும் இருக்கும். நாளைக்கு அதை வைத்து விடுதி மாணவர்களைப் பற்றி யாரும் ஒரு முடிவும் எடுக்கலாம்.

இதைச் சொல்லித்தந்த பிஷரையே பூசிக்க வேண்டியதில்லை. இனமேம்பாட்டுவாதத்தை அவர் ஆதரித்தார். 1950களின் பிற்பகுதியில், புகைத்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை ஏற்க மறுத்தார். அவர் தானும் புகைப்பவர், புகையிலை உற்பத்தியாளர்களின் ஆலோசகராகவும் இருந்தார். விரும்புகிற பக்கம் மனம் சாயும் என்பதற்கு வேறு உதாரணம் தேடத் தேவையில்லை. முன்கூட்டியே எழுதிவைத்த விதி, முதலில் எங்களிடமிருந்துதான் எங்களைக் காப்பாற்றுகிறது.

அண்டைக்குப் பின்னேரம் நாங்கள் டெஸ்ட் ஒன்றும் போடவில்லை. 120 படிவங்களையும் முன்னோட்ட ஆய்வாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். அவள் தன் 20 கேள்விகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள்: நித்திரை நேரம். சூனியக் கருதுகோள் என்ன, எந்தச் சோதனை, எந்த மட்டம், எத்தனை பேர், அவர்களை எழுமாறாக எப்படித் தெரிவது எண்டு ஒரு தாளில் எழுதித் திகதியும் போட்டாள். புதுப் படிவங்களோடு திங்கட்கிழமை தொடங்குகிறாள். வித்தியாசம் இல்லை எண்டு வந்தால் அதையும் அப்படியே எழுதுவாளாம்.