கரும்பின் கதை – 17: டெமராராவின் மரப் பானைகள்

சாராயம் காய்ச்சும் பாத்திரத்தை மரத்தால் செய்ய முடியுமா? தென் அமெரிக்காவின் கயானாவில் செய்தார்கள். டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள டைமண்ட் ரம் ஆலையில் அப்படி மூன்று மர வடிகலன்கள் இன்றும் ஓடுகின்றன.

கிரீன்ஹார்ட் என்பது அந்நாட்டுக் காட்டு மரம். தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் உளுத்துப்போகாது. அதன் பலகைகளை வட்டமாக நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அடியில் தீ மூட்டுவதில்லை. நீராவியைச் செலுத்தித்தான் கழிவுப்பாகு ஊறலைக் கொதிக்க வைக்கிறார்கள். எழும் ஆவி செம்புக் கழுத்து வழியே போய்க் குளிர்ந்து ரம்மாக இறங்குகிறது. நைந்த பலகையை மட்டும் கழற்றிப் புதியது பொருத்துவார்கள்.

போர்ட் மோரன்ட், வெர்சேய்ல்ஸ், என்மோர் என்று அவற்றுக்குப் பெயர். மூன்றும் கரும்புத் தோட்டங்களின் பெயர்கள். முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் காய்ச்சுசாலை இருந்தது. அவை ஒவ்வொன்றாக மூடப்பட, கலன்கள் டைமண்டுக்கு வந்து சேர்ந்தன. போர்ட் மோரன்ட் கலன் 1732ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறது ஆலை. பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்கு அளந்து கொடுத்த ரம்மில் இதன் பங்கும் உண்டு. 1880இல் செய்யப்பட்ட என்மோர் கலன் கோபுரம்போல் உயர்ந்தது. அவ்வகை மரக்கலன் உலகில் வேறெங்கும் ஓடவில்லை.

இந்தப் பெருமையைச் சொல்பவர்கள் கரும்பு வெட்டிய கைகளையும் சொல்லியாக வேண்டும். முதலில் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1823இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். கிளர்ச்சி மூண்ட தோட்டங்களில் ஒன்று, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டனுடையது. அடிமை முறை ஒழிந்ததும், கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதிக் கூலிகளைக் கேட்டவரும் அவரே. 1838 மே 5 அன்று முதல் கப்பல்கள் வந்தன. 1917 வரை வந்தவர்கள் ஏறத்தாழ 2,39,000 பேர். அவர்களில் சுமார் 15,000 பேர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்கள் கொண்டுசென்ற மாரியம்மன் வழிபாடு பெர்பிஸ் பகுதியில் இன்றும் நடக்கிறது.

என்மோரில் 1948இல் என்ன நடந்தது? வெட்டிய கரும்பைச் சுமந்துபோய்க் கால்வாய்ப் படகில் ஏற்றும் வேலையையும் வெட்டுபவர்களே செய்ய வேண்டும் என்றது நிர்வாகம். அதை எதிர்த்தும், தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரியும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜூன் 16 அன்று போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாள் தலைநகர் ஜார்ஜ்டவுன் வரை நடந்த இறுதி ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர் செட்டி ஜகன். 1918இல் போர்ட் மோரன்ட் தோட்டத்தில் பிறந்தவர், பின்னாளில் கயானாவின் குடியரசுத் தலைவர்.

டைமண்ட் தோட்டத்தில் 1928இல் பிறந்து, சிறுவயதிலேயே கரும்பு வேலைக்குப் போன யேசு பெர்சாத் பிற்காலத்தில் டைமண்ட் ஆலையை நடத்தும் ரம் நிறுவனத்துக்கே தலைவரானார். வெள்ளை முதலாளிகளின் சொத்தாக இருந்த இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை என்பது என் கருத்து.

என்மோர் என்ற பெயரை இன்று புட்டிகளில் அச்சிட்டு உலகச் சந்தையில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அங்கே சுடப்பட்டு இறந்த ராம்பரன், லல்லாபாகி, பூரன், சூரஜ்பல்லி, ஹாரி ஆகிய ஐவரின் பெயர்களையும் அதே புட்டிகளில் அச்சிட வேண்டும்.

(தொடரும்)