ரோட்டரி சங்கமும் உலக அமைதியும்

சங்கம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. புலவர் கூடியதும் சங்கம். துறவியர் கூடியதும் சங்கம். நம் நாட்டில் தோட்டப் பாட்டாளிகள் கூலி உயர்வு கேட்கக் கூடியதும் சங்கமே. ஆனால் வணிகரும் வழக்கறிஞரும் மருத்துவரும் வாரம் ஒருமுறை உணவுக்குக் கூடி, உண்டு முடித்தபின் ஊருக்கு என்ன செய்யலாம் என்று பேசிக் கலையும் சங்கம் இருபதாம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து வந்தது. ரோட்டரி, லயன்ஸ் என்னும் பெயர்களை இன்று பேராக்கில் அறியாதார் மிகச் சிலரே. அவற்றின் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன: இரத்ததானம், மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி, பள்ளிப் பைகள். அவற்றுக்கு அருகிலேயே சில வேளைகளில் 'உலக அமைதி' என்னும் பெரிய சொல்லும் தென்படும். பள்ளிப் பைக்கும் உலக அமைதிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். ரோட்டரி சங்கம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடினார். பெருநகரில் நட்பின்றி வாழ்ந்த தொழில் மாந்தர் ஒருவரோடு ஒருவர் பழகவேண்டும் என்பதே தொடக்கத்து நோக்கம். கூட்டத்தை ஒருவர் அலுவலகத்தில் ஒருமுறையும் அடுத்தவர் அலுவலகத்தில் மறுமுறையும் எனச் சுழற்சி முறையில் நடத்தினர். 'ரோட்டரி' என்னும் பெயர் அச்சுழற்சியைக் குறித்ததே. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது பழைய விதி. தொண்டு பின்னர் வந்தது. அமைதி அதற்கும் பின்னர் வந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1921-இல் எடின்பரோ நகரில் நடந்த மாநாட்டில்தான் நாடுகளிடையே நல்லெண்ணத்தையும் அமைதியையும் வளர்ப்பது சங்கத்தின் குறிக்கோள்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

குறிக்கோளை ஏட்டில் எழுதுவது எளிது. அதனை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் டேவிட்சன். இவர் வாழ்க்கை ஒரு தனிக் கட்டுரைக்கு உரியது. அமெரிக்காவில் பிறந்து, இளமையில் பியரியின் வடதுருவக் குழுவில் சேர்ந்து, 1895-இல் பார்மோசாத் தீவுக்குப் போர்ச் செய்தியாளராகச் சென்று, அத்தீவைப் பற்றி 1903-இல் பெரிய நூல் ஒன்றும் வெளியிட்டு, பின்னர்க் கனடாவின் கால்கரி நகரில் குடியேறியவர். 1928 ஆகஸ்டு மாதம் மனைவியுடனும் மகளுடனும் கப்பலேறினார். இரண்டரை ஆண்டுக் காலம் ஏதென்சு, கெய்ரோ, எருசலேம், பம்பாய், டில்லி, சென்னை, கொழும்பு, ரங்கூன் என்று ஊர் ஊராகச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் முக்கிய மனிதர்களைத் தனித்தனியே கண்டு பேசிச் சங்கங்களை நிறுவினார். மலாயாவில் சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ, கிள்ளான், மலாக்கா, பினாங்கு ஆகிய நகரங்களில் சங்கங்கள் தோன்றின, சிங்கப்பூரிலும் தோன்றியது. ஈப்போ சங்கம் பிறந்த ஆண்டு 1930. கொழும்புச் சங்கம் அதற்கு ஓராண்டு மூத்தது. இவ்விரண்டும் ஒருவர் கையால் நடப்பட்ட நாற்றுகள் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்த் தேவைப்படும்.

இன்றைய இளைஞர்க்கு அந்நாளைய ஈப்போவின் நிலை தெரியாது. திடலின் ஓரத்தில் இருந்த துரைமார் கிளப்பில் ஆசியர் உறுப்பினராக இயலாது. ஈயத்தால் பெருஞ்செல்வம் திரட்டிய சீன முதலாளியும், இலண்டனில் சட்டம் பயின்று வந்த யாழ்ப்பாணத் தமிழரும், மலாய்ப் பிரபுவும் வெள்ளைக்காரரோடு அலுவலகத்தில் பேசலாம், நீதிமன்றத்தில் வாதிடலாம், அவரோடு சமமாக ஒரே மேசையில் உண்பது அரிது. டேவிட்சனோ, ஐரோப்பியர்க்கு ஒன்று, ஆசியர்க்கு ஒன்று என இரண்டு சங்கங்கள் அமைக்க ஒப்பவில்லை. எல்லா இனத்தாரும் ஒரே சங்கத்தில், ஒரே உரிமையோடு இருத்தல் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 'இது நடவாது' என்று கூறிய வெள்ளையர் பலர். நடந்தது. சமபந்தி உணவு எத்தனை பெரிய செயல் என்பதைத் தமிழ்நாட்டின் சீர்திருத்த வரலாறு படித்த நாம் பிறரைவிட நன்கு உணர்வோம்.

ஆயினும் அந்த மேசையில் யார் இருந்தார் என்று கேட்பதோடு, யார் இல்லை என்றும் கேட்கவேண்டும். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்னும் விதிப்படி ரப்பர்த் தோட்டத் துரை உறுப்பினராகலாம். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முந்நூறு பேரும் ஆகமுடியாது. பெண்கள் எத்தொழிலைச் செய்தாலும் ஆகமுடியாது; அந்தக் கதவு 1989-இல்தான் உலக முழுவதும் திறந்தது. அதுவும் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1987-இல் ஒரு தீர்ப்பு வழங்கியபின்.

ஈப்போவில் ரோட்டரி பிறந்த 1930, பேராக் தோட்டத் தமிழர்க்கு எத்தகைய ஆண்டு? அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1929 டிசம்பரில், பெரியார் ஈ.வெ.ரா. மலாயா வந்து ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் பேசினார். தோட்டத் தமிழர் சாதியையும் கள்ளையும் விட்டு எழவேண்டும் என்ற குரல் அதன்பின் ஓங்கியது. ஆனால் அதே வேளையில் உலக வாணிபம் சரிந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது. முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று வகுத்திருந்த நாட்கூலி, 1930-இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் இறங்கியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். நகரத்தில் இனங்கள் ஒரு மேசையில் அமரத் தொடங்கிய அதே நாள்களில் தோட்டங்களில் லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. ரோட்டரி அன்பர்களை இதற்குக் குறை கூறுவது என் கருத்தன்று. அவர்கள் கண்ட அமைதி இனத்துக்கும் இனத்துக்கும் இடைப்பட்டது. முதலுக்கும் கூலிக்கும் இடைப்பட்டது அவர்கள் பேச்சில் இடம்பெறவில்லை. அதுவே வரலாறு.

அடுத்த பத்தாண்டு அந்த அமைதியையும் சோதித்துவிட்டது. செருமனியில் இட்லரின் ஆட்சி வந்ததும் அங்கிருந்த ரோட்டரி சங்கங்கள் பல, யூத உறுப்பினரை வெளியேறவிட்டுத் தாம் பிழைக்கப் பார்த்தன. அப்படியும் 1937-இல் கலைந்தன. சப்பானியச் சங்கங்கள் 1940-இல் உலக ரோட்டரியிலிருந்து விலகின. 1941 டிசம்பர் இறுதியில் சப்பானியப் படை ஈப்போவுக்குள் நுழைந்தது. ஆட்சியாளர் ஓடினர், கிளப்புகளில் பூட்டுத் தொங்கியது. தோட்டத்து மக்கள் ஓட இடமில்லை. அவர்களுள் பல்லாயிரவர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டனர். திரும்பாதவர் கணக்கு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. நான் பணியாற்றிய தோட்டங்களில் 'அப்பா சயாமுக்குப் போனார்' என்ற ஒரே வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொண்ட முதியோர் உண்டு. மேற்கொண்டு கேட்கத் துணிந்ததில்லை.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1942-இல் இலண்டனில் ரோட்டரி அன்பர்கள் ஒரு மாநாடு கூட்டினர். நாசிகளின் பிடியிலிருந்து தப்பி அங்கு அடைக்கலம் புகுந்திருந்த பல நாட்டுக் கல்வி அமைச்சர்களும் அதில் கலந்துகொண்டனர். போருக்குப் பின் கல்வியும் பண்பாடும் எவ்வாறு பரிமாறப்படவேண்டும் என்ற அப்பேச்சு, யுனெஸ்கோ தோன்றுவதற்கான தூண்டுதல்களுள் ஒன்று என்பர். அந்த யுனெஸ்கோவில் பின்னாளில் வேலூர்த் தமிழர் மால்கம் ஆதிசேசையா துணைத் தலைமை இயக்குநராக விளங்கியது தமிழாசிரியர் அறிந்ததே. 1945-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனம் எழுதப்பட்டபோது, பல நாட்டுக் குழுக்களில் ஆலோசகர்களாகவும் பேராளர்களாகவும் ரோட்டரி உறுப்பினர் 49 பேர் இருந்தனர். இவை பெருமைக்குரியவையே. எனினும் சாசனங்களின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தோன்றும்: அவற்றில் மேசைகளே மிகுதி, தெருக்கள் குறைவு.

தெருவுக்கு வந்தது ஒரு நோயின் வழியாக. இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நம் தோட்டங்களுக்கு அறிமுகமானதே. நான் வளர்ந்த லயத்தில் ஒரு கால் சூம்பிய அண்ணன் ஒருவர் இருந்தார். மரம் வெட்டப் போக முடியாமல், ஆயாக்கொட்டகைக்கு அருகில் அமர்ந்து மங்கு துடைத்துக்கொண்டிருப்பார். வாயில் இடும் சொட்டு மருந்தால் அந்நோயைத் தடுக்கலாம். ரோட்டரி 1979-இல் பிலிப்பீன்சுப் பிள்ளைகள் அறுபது இலட்சம் பேருக்கு அம்மருந்து கொடுக்கும் பணியைத் தொடங்கியது. 1985-இல் அதனை உலகப் பணியாக அறிவித்தது. 1988-இல் உலகச் சுகாதார மன்றம் போலியோவை அடியோடு ஒழிக்க உறுதி பூண்டபோது, 125 நாடுகளில் அந்நோய் நிலைத்திருந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 350,000 பேர் முடமாயினர்.

இதில் அமைதி எங்கிருந்து வந்தது? சொட்டு மருந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லாரும், குறித்த ஒரு நாளில், ஒருங்கே பெறவேண்டும். எனவே போர் நடக்கும் ஊரிலும் கொடுத்தே தீரவேண்டும். கொடுக்கப் போகிறவர்மீது குண்டு விழக்கூடாது. 1985-இல் எல்சால்வடோர் நாட்டில் உள்நாட்டுப் போரின் நடுவே, யூனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் முயன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இரு தரப்பாரையும் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தனர். பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கிடைத்தது. 'அமைதி நாள்கள்' என்று இம்முறைக்குப் பெயர் வந்தது.

இலங்கையிலும் அது நிகழ்ந்தது. 1990-களின் நடுப்பகுதி, வடக்கிலும் கிழக்கிலும் அரசப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் கடும்போர். கொழும்பு ரோட்டரி சங்கத்தைச் சேர்ந்த கே.ஆர். இரவீந்திரன், சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்றவர், அரசும் யூனிசெப்பும் ரோட்டரியும் சேர்ந்து அமைத்த போலியோப் பணிக்குழுவின் தலைவராக இருந்தார். யூனிசெப்போடு இணைந்து அக்குழு இரு தரப்போடும் பேசி, நாடு தழுவிய தடுப்பு மருந்து நாள்களில் போர் நிறுத்தம் பெற்றது. அந்நாள்களில் வடபுலத்துப் பிள்ளைகளின் நாவிலும் இரண்டு சொட்டு விழுந்தது. டேவிட்சன் 1929-இல் கொழும்பில் நட்ட நாற்று, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, மேசைக்கு வரவே முடியாத தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் நிழல் தந்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கையில் இடிந்த 25 பள்ளிகளைக் கட்டியெழுப்பிய ரோட்டரித் திட்டத்துக்கும் இவரே தலைமை தாங்கினார். 2015-16-இல் உலக ரோட்டரியின் தலைவராகவும் ஆனார்.

ஒரு நாள் போர் நின்றதால் போர் முடிந்துவிட்டதா என்று கேட்கலாம். முடியவில்லை, 2009 வரை நீண்டது, முடிந்த விதமும் நாம் அறிவோம். ஆகவே மருந்து நாளை அமைதி ஒப்பந்தம் என்று புகழ்வது மிகை. ஆனால் எதிரெதிர் நின்றவர் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு செய்தி இருந்தது என்பதற்கு அது சான்று. அதை யாரோ ஒருவர் போய்க் கேட்டிருக்கவேண்டும். கேட்டவர் படைத்தலைவர் அல்லர், அரசியல்வாதியும் அல்லர். சங்கத்து மனிதர். இங்குதான் எனக்கு 1921-ஆம் ஆண்டுக் குறிக்கோள் முதன்முதலாக ஏட்டை விட்டு இறங்கியதாகத் தோன்றுகிறது.

2002 முதல் ரோட்டரி நிறுவனம் பிராட்போர்டு முதலிய பல்கலைக்கழகங்களில் அமைதிக் கல்விக்கு உதவிப்பணம் அளித்து வருகிறது. 2021-இல் உகாண்டாவின் மக்கரேரேயிலும் வகுப்புகள் தொடங்கின. நல்ல பணியே. ஆனால் ஆங்கிலமும் பட்டமும் வேண்டும். மேசை மீண்டும் சற்று உயர்ந்துவிட்டது.

பேராக்கில் நம் நிலைக்கு வருவோம். நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில்தான் உள்ளன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் காலத்தில் தோட்டத்தோடு பிறந்த பள்ளிகள் பல. இன்று தோட்டம் செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட, பள்ளி மட்டும் எஞ்சி நிற்கிறது. இத்தகைய பள்ளிகளுக்குத் தொண்டுச் சங்கங்கள் வருகின்றன. ஒருமுறை வந்த சங்கம் ஒன்று, முப்பது பைகளையும் ஆறடிப் பதாகை ஒன்றையும் கொண்டுவந்தது. படம் எடுக்க ஒன்றரை மணி நேரம், பைகள் கொடுக்கப் பத்து நிமிடம். மாணவரோ இருபத்திரண்டு பேர்தான். வேறொரு சங்கத்துப் பெரியவர் ஒன்றும் கொண்டுவரவில்லை. நாற்காலியில் அமர்ந்து, "சார், பிள்ளைங்க எப்படி வர்றாங்க?" என்று கேட்டார். ஒன்பது மைல் தள்ளியிருந்த புதுவீடமைப்பிலிருந்து வேன் கட்டணம் கொடுக்க முடியாமல் நான்கு பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் நின்றுவிடுவதைச் சொன்னேன். அடுத்த மாதம் முதல் நால்வரும் ஐந்து நாளும் வந்தனர். அதற்குப் பதாகை இல்லை; செய்தியும் வரவில்லை.

போலியோவின் கதைக்கு நம் நாட்டிலேயே ஒரு பின்னுரை உண்டு. மலேசியா 2000-இல் போலியோ அற்ற நாடு என அறிவிக்கப்பட்டது. 2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப் பின், சபாவின் துவாரான் பகுதியில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு அந்நோய் கண்டது. கிருமி பிலிப்பீன்சில் பரவியதோடு உறவுடையது என்று ஆய்வில் தெரிந்தது. சபாவில் பல்லாயிரம் பிள்ளைகளிடம் பிறப்புச் சான்றிதழே கிடையாது. சிவப்பு அடையாள அட்டையோடு தலைமுறையைக் கழித்த தோட்டத்து மக்களுக்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஆவணமுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் நோய் நிற்காது என்பதால், குடிமக்கள் அல்லாதார் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொட்டு மருந்து இடப்பட்டது. 2021 செப்டம்பரில் அந்நோய்ப் பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.