பூட்டிய கொட்டகையும் பவ் தெருவும்

1737 ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றியது. புது நாடகம் எதுவானாலும் மேடையேற்றுவதற்குப் பதினான்கு நாள் முன்பே, அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினிடம் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். லண்டனில் ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய உரிமம் பெற்ற அரங்குகளுக்கு வெளியே காசு வாங்கி நாடகம் போடக் கூடாது. பேருக்குப் பொதுச் சட்டம்தான். குறியோ, ஹேமார்க்கெட் தெருவில் இருந்த ஒரு சின்னக் கொட்டகையின்மேல். அங்கே கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தவர் ஹென்றி ஃபீல்டிங். வயது முப்பது.

சாமர்செட்டில் 1707-இல் பிறந்து, ஈட்டன் பள்ளியில் படித்தவர். அப்பா ராணுவ அதிகாரி. குடும்பப் பெருமைக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் எப்போதும் முட்டுப்பாடு. ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் அதிக நாள் அங்கே தங்கவில்லை. லண்டன் திரும்பி, வயிற்றுப்பாட்டுக்கு நாடகம் எழுத உட்கார்ந்தார். பத்து வருடத்துக்குள் இருபதுக்கும் மேல் எழுதித் தள்ளினார். 1730-இல் வந்த 'டாம் தம்ப்' அன்றைய சோக நாடகங்களின் வாய்ப்பந்தலைக் கேலி செய்தது. கட்டை விரல் அளவேயான வீரனை ஒரு பசு விழுங்கிவிடுகிறது. பிறகு மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு சாகிறார்கள்.

பெரிய மனிதர்களுக்கு வலித்தது அதற்குப் பிறகு வந்த அரசியல் நையாண்டிகள்தான். 1736-இல் 'பாஸ்க்வின்' தேர்தல் லஞ்சத்தைப் பந்தாடியது. மறு வருடம் 'ஹிஸ்டாரிகல் ரெஜிஸ்டர்'. அதில் ஒருவன் தேசபக்தர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு வயலின் வாசிக்கிறான். அவர்கள் குதித்து ஆட, ஓட்டைச் சட்டைப்பை வழியே காசு அத்தனையும் உதிர்கிறது. வாசித்தவனே அதைப் பொறுக்கிக்கொள்கிறான். அவன் பிரதமர் ராபர்ட் வால்போல் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வால்போல் காத்திருந்தார். 'கோல்டன் ரம்ப்' என்ற, யார் எழுதியது என்றே தெரியாத ஓர் ஆபாசப் பிரதி அவர் கைக்கு வர, அதைக் காட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரபுக்கள் சபையில் செஸ்டர்ஃபீல்ட் பிரபு எதிர்த்துப் பேசியும் பலனில்லை. அந்தத் தணிக்கை 1968 வரை நீடித்தது. ஃபீல்டிங்கை நாடகத்திலிருந்து நாவலுக்கு விரட்டியதே அதுதான் என்று பின்னாளில் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா எரிச்சலோடு எழுதினார். ஷாவின் நாடகங்களும் அதே லார்ட் சேம்பர்லின் மேஜையில் முடங்கிக் கிடந்தவை அல்லவா!

கொட்டகை பூட்டப்பட்டதும், மனைவி, குழந்தைகளோடு இருந்த ஃபீல்டிங் 1737-இலேயே மிடில் டெம்பிளில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், 1740-இல் வழக்கறிஞரானார். தொழில் சூடுபிடிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ரிச்சர்ட்சன் என்பவரின் 'பமேலா' நாவல் ஊரையே உருக்கிக்கொண்டிருந்தது. எஜமானனின் தொல்லைக்கு இணங்காமல் கற்பைக் காத்து, கடைசியில் அவனையே மணக்கும் வேலைக்காரியின் கதை. ஃபீல்டிங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1741-இல் தன் பெயர் போடாமல் 'ஷமேலா' என்று ஒரு பகடியை வெளியிட்டார். அடுத்த வருடம் பமேலாவுக்கு ஒரு சகோதரனைக் கற்பனை செய்து 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' எழுதினார். கேலியாகத் தொடங்கியது பாதி வழியில் தனி நாவலாகிவிட்டது. முதல் மனைவி ஷார்லட் 1744-இல் இறந்தார். மூன்று வருடம் கழித்து ஃபீல்டிங் மணந்தது யாரை? ஷார்லட்டின் பணிப்பெண்ணாக இருந்த மேரியை. பமேலாவைக் கேலி செய்தவரை ஊர் சும்மா விடுமா?

1749-இல் 'டாம் ஜோன்ஸ்' வந்தது. பதிப்பாளர் ஆண்ட்ரூ மில்லர் 600 பவுண்டு கொடுத்து வாங்கிய நாவல். அதைப் படிக்கும்போது பழைய கொட்டகைக்காரர் நன்றாகவே தெரிகிறார். அப்டன் விடுதிக் காட்சியில் ஒரு கதவு மூட இன்னொரு கதவு திறக்கிறது. தேடுகிறவர்களும் தேடப்படுகிறவர்களும் மயிரிழையில் தவறிப்போகிறார்கள். அவருடைய நையாண்டி நாடகங்கள் சில, ஒத்திகை நடப்பதாகவே அமைந்தவை. ஆசிரியர் மேடை ஓரம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஆசிரியரைத்தான் ஃபீல்டிங் நாவலுக்குள் கூட்டிவந்தார். பதினெட்டுப் பாகங்களில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவர் கட்டியங்காரன் போல முன்னால் வந்து வாசகரிடம் வம்பளந்துவிட்டுத்தான் கதையை நகர்த்துகிறார்.

நாவல் வரும்போது ஃபீல்டிங் லண்டன் பவ் தெருவில் மாஜிஸ்திரேட். வழக்குக்கு வருகிறவர்களிடம் கறந்து பிழைக்கும் பதவி என்று பேரெடுத்த நாற்காலி அது. ஏழைகளின் சச்சரவுகளைச் சமாதானம் செய்துவைத்தே அவர் தன் வரும்படியைக் குறைத்துக்கொண்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைச் சேர்த்துத் திருடர்களைத் துரத்தவிட்டார். 'பவ் தெரு ரன்னர்ஸ்' என்று பின்னால் பேர்வாங்கிய, லண்டன் போலீசுக்கு முன்னோடியான படை அது. அவரையடுத்துப் பொறுப்பேற்ற பார்வையற்ற தம்பி ஜான், மூவாயிரம் திருடர்களைக் குரலை வைத்தே அடையாளம் காண்பார் என்பார்கள். ஆனால் பதவி ஃபீல்டிங்கையும் கொஞ்சம் மாற்றியது. 1749-இல் மாலுமிகள் விபசார விடுதிகளைச் சூறையாடிய கலவரத்தில் பிடிபட்ட போசவர்ன் பென்லெஸ் என்ற இளைஞனைத் தூக்கிலிட்டபோது லண்டனே கொதித்தது. தண்டனை சரிதான் என்று துண்டுப்பிரசுரம் எழுதியவர், ஒரு காலத்தில் பிரதமரை வயலின் வாசிக்க வைத்த அதே ஃபீல்டிங்.

கீல்வாதமும் நீர்க்கோவையும் அவரை முடக்கின. 1754 கோடையில், வெயிலைத் தேடி லிஸ்பனுக்குக் கப்பலேறினார். நடக்க முடியாது, ராதர்ஹித் துறையில் நாற்காலியில் வைத்துத்தான் மேலே ஏற்றினார்கள். வீங்கிய அந்த உடம்பைப் பார்த்துப் படகோட்டிகளும் மாலுமிகளும் வரிசையாக நின்று கேலி செய்தார்கள். காற்று எதிர்த்ததால் கப்பல் பல நாள் இங்கிலாந்துக் கரையோரமே தங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் அவர் எழுதிய பயணக் குறிப்பில் படகோட்டிகளின் சிரிப்பும் இருக்கிறது, விடுதிக்காரியின் அநியாய பில்லும் இருக்கிறது. லிஸ்பன் போய் இரண்டு மாதத்தில், அக்டோபர் 8 அன்று இறந்தார். வயது 47. பயணக் குறிப்பு அடுத்த வருடம் அச்சாகி வந்தது.