முல்கிக்கு சர்ஃபிங் போறீங்களா? பையில் என்ன இருக்கணும்?

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூருவில் மங்களூரு பஸ் ஏறினால், விடியும்போது கடல் வாசனை. அங்கிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. போனால் முல்கி. ஷாம்பவி ஆறு கடலில் கலக்கும் இந்த ஊர்தான் கர்நாடகாவில் சர்ஃபிங்குக்குப் பெயர் போனது.

போர்டு வாங்கிவிட்டுப் போகாதீங்க. பயிற்சி தருபவர்களே கொடுப்பார்கள். முதலில் எடுத்து வைக்க வேண்டியது முழுக்கை ரேஷ் கார்டு. 'பழைய காட்டன் டி-ஷர்ட் போதுமே' என்று தோன்றும். போதாது. நனைந்ததும் அது கனத்துவிடும். ரேஷ் கார்டு வெயிலையும் தடுக்கும், மெழுகு பூசிய போர்டில் குப்புறப் படுத்து கைகளால் துழாவும்போது நெஞ்சு, வயிறு உரசிப் புண்ணாகாமலும் காக்கும்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 50, தண்ணீரைத் தாங்குவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசணும். காது மடலையும் முழங்காலின் பின்பக்கத்தையும் எல்லாரும் மறப்பார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போதுதான் ஞாபகம் வரும்!

சொந்த போர்டு இருந்தால் 'டிராபிகல்' மெழுகு எடுத்துக்கோங்க. குளிர்நீர் மெழுகு நம்ம கடலில் இளகி வழுக்கும். எந்த மெழுகானாலும் வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீங்க.

தேதியையும் பாருங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. அரபிக்கடல் கொந்தளிக்கும், புதியவர்கள் இறங்கக் கூடாது. மற்ற மாதங்களிலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் வரலாம். சிக்கினால் எதிர்த்து நீந்தாதீங்க, கரைக்கு இணையாக விலகுங்கள். போர்டை மட்டும் விட்டுடாதீங்க, மிதக்க வைப்பது அதுதான். அதனால், இறங்கும் முன் கணுக்காலில் கட்டும் லீஷின் வெல்க்ரோ இறுகப் பிடிக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்க.