இரண்டு வாசல் கூடாரம்

கொரியப் போரை யார் தொடங்கியது என்ற வழக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். 1990களில் மாஸ்கோ ஆவணக் காப்பகங்கள் திறந்த பிறகு அதில் பெரிய மர்மம் எதுவும் மிச்சமில்லை. கிம் இல் சுங் விடாமல் கேட்டார், ஸ்டாலின் சம்மதித்தார், மாவோவும் தலையாட்டினார். வரலாற்று ஆசிரியர்கள் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது வேறொரு கேள்வியில். இந்தப் போர் ஏன் இரண்டு வருடம் முன்பே முடியவில்லை?

1950 ஜூன் 25 அன்று போர் தொடங்கியது. சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது. 1951 கோடைக்குள் இரு தரப்பும் (ஒரு பக்கம் வட கொரியாவும் சீனாவும், மறுபக்கம் தென் கொரியாவும் அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படையும்) களைத்துப்போய், புறப்பட்ட இடமான 38ஆம் பாகைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டன. ஜூலை 10 அன்று கேசாங்கில் பேச்சுவார்த்தை ஆரம்பமானது. பிறகு அது பன்முன்ஜோம் என்ற சின்னஞ்சிறு கிராமத்துக்கு மாறியது. எல்லைக்கோடு எங்கே என்பது நவம்பர் மாதமே பேசி முடிக்கப்பட்டது. 1952 மே வாக்கில் முக்கியமான விஷயங்களில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: கைதிகளை என்ன செய்வது?

போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1953 ஜூலை 27 அன்று. இடைப்பட்ட காலத்தில் போர்முனை சில மைல்கள்கூட நகரவில்லை. ஆனால் சாவு நிற்கவில்லை. பெயர்கூட இல்லாத குன்றுகளுக்காக ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பியோங்யாங் மீது மீண்டும் மீண்டும் குண்டு விழுந்தது. 1953 மே மாதம் டோக்சான் அணையை அமெரிக்க விமானங்கள் உடைத்து, வட கொரியாவின் நெல்வயல்களை வெள்ளத்தில் மூழ்கடித்தன. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர் மொத்தக் கணக்கில் பாதியை நெருங்கும் பங்கு, சமாதானப் பேச்சு தொடங்கிய பிறகு நேர்ந்தது.

1949இன் ஜெனீவா உடன்படிக்கை 118ஆம் பிரிவு இந்த விஷயத்தில் சுற்றி வளைக்கவே இல்லை. சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி ஊருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சீனாவும் வட கொரியாவும் இதைப் பிடித்துக்கொண்டன. போக விருப்பமில்லாதவனைக் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டோம் என்று மறுத்தவர் அமெரிக்க அதிபர் ட்ரூமன். அதற்குப் பின்னால் ஒரு கசப்பான நினைவு இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவில், ஜெர்மனியிடமிருந்து மீட்ட சோவியத் கைதிகளை நேச நாடுகள் வலுக்கட்டாயமாக ஸ்டாலினிடம் ஒப்படைத்தன. திரும்பிப் போவதைவிடச் சாவதே மேல் என்று தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. அந்தப் பாவத்தை மறுபடி சுமக்க ட்ரூமன் தயாராக இல்லை.

அதை நான் நம்புகிறேன். ஆனால் முழு உண்மை அது மட்டுமல்ல. அமெரிக்க ராணுவத்தில் இந்த யோசனையை 1951இல் முதலில் முன்வைத்தவர் உளவியல் போர்ப் பிரிவின் தலைவர் ராபர்ட் மெக்ளூர். களத்தில் வெற்றி கிடைக்கவில்லை. கம்யூனிஸ்ட் ராணுவத்தின் சிப்பாய்களே ஊர் திரும்ப மறுத்தார்கள் என்று உலகத்துக்குக் காட்டினால், அதுவே ஒரு வெற்றிதானே? கருணையும் கணக்கும் ஒரே கோப்பில் இருந்தன. எது எதை இழுத்துச் சென்றது என்பதுதான் ஆய்வாளர்களின் சண்டை.

கைதிகள் கிடந்த இடம் தென்கோடியில் இருந்த கோஜே தீவு. 1951 டிசம்பரில் ஐ.நா. படை கொடுத்த பட்டியலில் 1,32,000 பேர். சீனக் கைதிகள் இருபத்தோராயிரம் பேரில் பெரும் பகுதியினர் ஒரு காலத்தில், பின்னர் தைவானுக்குப் போன சீனத் தேசியவாதத் தலைவர் சியாங் கை ஷேக்கின் படையில் இருந்து, 1949இல் தோற்று, அப்படியே செஞ்சேனையில் சேர்க்கப்பட்டவர்கள். முள்வேலிக்குள் பழைய பகை மீண்டும் கிளம்பியது. காவலர்கள் வெளியே நின்றார்கள், உள்ளே ஆட்சி செய்தவர்கள் கைதிகளின் தலைவர்களே. சில அடைப்புகளில் கம்யூனிஸ்டுகள், சிலவற்றில் அவர்களுடைய எதிரிகள். எதிரிகள் கையில் இருந்த அடைப்புகளில் கைதிகளின் உடம்பில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களைப் பச்சை குத்தினார்கள். விரும்பிக் குத்திக்கொண்டவர்கள் உண்டு, பிடித்து அமுக்கிக் குத்தப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பச்சையோடு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

1952 ஏப்ரலில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து விருப்பம் கேட்டார்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்கள் சுமார் 70,000 பேர் என்று கணக்கு வந்தது. பேச்சுவார்த்தை மேஜையில் எதிரே இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அமெரிக்கத் தரப்பின் தலைமைப் பேச்சாளர் அட்மிரல் டர்னர் ஜாயின் நாட்குறிப்பு இங்கே ஒரு முக்கியமான சாட்சி. எந்தக் கேள்விக்கும் ‘தைவான், தைவான்’ என்ற ஒரே பதிலை நடுங்கியபடி திரும்பத் திரும்பச் சொன்ன சீனக் கைதிகளைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடைப்புத் தலைவர்களை மட்டும் முன்கூட்டியே அகற்றியிருந்தால் பெரும்பாலானோர் ஊர் திரும்பவே கேட்டிருப்பார்கள் என்பது அவர்களின் கணிப்பு. அது நாட்குறிப்போடு நின்றுபோனது. மே 7 அன்று, மனிதர்களை விலையாகக் கொடுத்துச் சமாதானம் வாங்க மாட்டோம் என்ற பொருளில் ட்ரூமன் அறிவித்தார். அதே மே 7இல் கோஜே தீவில் கம்யூனிஸ்ட் கைதிகள் முகாம் தளபதி பிரிகேடியர் ஜெனரல் டாட்டையே உள்ளே இழுத்துப் பிணையாக வைத்துக்கொண்டார்கள்!

எதிர்த்தரப்பு யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. பல்லாயிரம் பேரைப் பிடித்துவிட்டதாக வானொலியில் முழங்கிய வட கொரியாவும் சீனாவும், பட்டியல் என்று வந்தபோது கொடுத்த பெயர்கள் 11,559 மட்டுமே. தென் கொரியச் சிப்பாய்கள் பலரைத் தங்கள் படையிலேயே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 1952 ஆகஸ்டில் சீனப் பிரதமர் சூ என்லாய் மாஸ்கோ போனபோது ஸ்டாலினுடன் நடந்த உரையாடலின் குறிப்பு இப்போது படிக்கக் கிடைக்கிறது. உயிர்களைத் தவிர வட கொரியர்கள் வேறு எதையும் இழக்கவில்லையே என்கிறார் ஸ்டாலின். அமெரிக்கா ஆசியாவில் சிக்கிக்கொண்டு ரத்தம் சிந்துவது அவருக்கு வசதியாக இருந்தது. 1953 மார்ச் 5 அன்று அவர் இறந்தார். அந்த மாதமே கிரெம்ளின் போரை முடிக்கத் தீர்மானித்தது. ஆக, ட்ரூமனின் பிடிவாதம் மட்டுமே போரை நீட்டித்தது என்று சொல்வதற்கில்லை. இந்த முனையில் அவர் பிடித்த கயிற்றை அந்த முனையில் ஸ்டாலினும் விடவில்லை.

நடுவில் வழி கண்டது இந்தியா. ஐ.நா.வில் வி. கே. கிருஷ்ண மேனன் கொண்டுவந்த தீர்மானம் 1952 டிசம்பரில் 54க்கு 5 என்று நிறைவேறியது. முதலில் மாஸ்கோவும் பீக்கிங்கும் அதைத் திட்டித் தீர்த்தன. கடைசியில் ஏற்கப்பட்ட ஏற்பாட்டின் எலும்புக்கூடு அதுதான்: ஊர் திரும்ப மறுப்பவர்களை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஏற்கும், அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் வந்து அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். ஆணையத் தலைவர் இந்தியாவின் ஜெனரல் திம்மையா. காவலுக்கு மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள். தென் கொரிய அதிபர் சிங்மேன் ரீ அவர்களைத் தன் மண்ணில் கால் வைக்கவே விடமாட்டேன் என்றார். அதனால் இன்சோன் கடலில் நின்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று ராணுவம் விலக்கப்பட்ட பகுதியில் இறக்கினார்கள். ரீ இதற்கு முன்பே, 1953 ஜூன் 18 அன்று, யாரையும் கேட்காமல் முகாம் கதவுகளைத் திறந்து 27,000 கைதிகளை ஓடவிட்டிருந்தார். அடாவடிக்குப் பெயர் போனவர்.

இந்தியர் கைக்கு வந்தவர்கள் 22,600 பேர். வந்த சில நாளிலேயே ஒரு இந்திய மேஜரைக் கைதிகள் அடைப்புக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தோரட் ஆயுதம் இல்லாமல் உள்ளே போய் அவர்கள் நடுவே உட்கார்ந்தார். வந்த விருந்தாளிக்குத் தேநீர், சிகரெட் தரும் வழக்கம் உங்களிடம் இல்லையா என்று கேட்டு, கூட்டத்தின் சூட்டைத் தணித்து, மேஜரை மீட்டுக்கொண்டு வந்தார். எல்லா நாளும் அப்படி அமையவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் காவலர்கள் சுட்டதில் கைதிகள் சிலர் இறந்தார்கள்.

விளக்கம் சொல்ல வரிசையாகக் கூடாரங்கள் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக இரண்டு வாசல். ஒன்றில் போனால் ஊர், மற்றதில் போனால் மறுபடி முகாம். மேஜைக்கு அந்தப் பக்கம் சீன அதிகாரி, சுற்றிலும் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் பார்வையாளர்களும். கைதியை இரண்டு பக்கமும் இந்திய வீரர்கள் பிடித்துக்கொண்டு வருவார்கள். பலர் வந்ததும் வராததுமாகக் கத்தினார்கள், காறித் துப்பினார்கள், நாற்காலியைத் தூக்கி வீசினார்கள். அதிகாரியோ தாய்நாடு, குடும்பம் என்று மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பார். தொண்ணூறு நாள் கெடு டிசம்பர் 23 அன்று முடிந்தபோது, இந்த விளக்கத்தைக் கேட்டு முடித்தவர்கள் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஊர் திரும்பியவர்கள் மொத்தம் அறுநூற்றுச் சொச்சம். அவர்களிலும் பலர் கூடாரத்துக்கே வராமல், இரவில் வேலி தாண்டி இந்தியக் காவலர்களிடம் ஓடி வந்து தஞ்சம் கேட்டவர்கள். முகாமுக்குள் நிலவிய மிரட்டலில் கைதியின் உண்மையான விருப்பத்தை அறிய வழியில்லை என்று ஆணையத்தின் பெரும்பான்மை அறிக்கை எழுதியது. என் கணிப்பில், இந்த விவகாரத்தில் உருவான காகிதங்களிலேயே நேர்மையானது அதுதான்.

சீனக் கைதிகளில் 14,000 பேர் தைவான் போனார்கள். இரண்டு கொரியாவும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றவர்கள் 88 பேர். அவர்கள் இந்தியப் படையோடு கப்பலேறி 1954 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து டெல்லி போனார்கள். இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பின் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.

சீனாவுக்குத் திரும்பிய ஏழாயிரம் பேரின் கதை வேறு. கொடியோடு வரவேற்றார்கள், பிறகு விசாரணை. உயிரோடு எதிரியிடம் சிக்கியதே குற்றம். கட்சியில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள், கலாசாரப் புரட்சியில் மறுபடி அடி வாங்கினார்கள். 1980இல்தான் அவர்கள் மீதான களங்கத்தை அரசு துடைத்தது.

எந்தக் கூடாரத்துக்கும் அழைக்கப்படாதவர்களும் இருந்தார்கள். 1994 அக்டோபரில் சோ சாங் ஹோ என்ற முதியவர் வட கொரியாவிலிருந்து தப்பித் தென் கொரியா வந்து சேர்ந்தார். 1951இல் பிடிபட்ட தென் கொரிய லெப்டினன்ட் அவர். சிறையிலும் சுரங்கத்திலும் 43 வருடம். போரில் இறந்தவர் என்று ராணுவம் எப்போதோ கணக்கு முடித்திருந்தது. இப்போது அவருக்கு முறைப்படி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவருக்குப் பிறகு இன்னும் எண்பது பேர் அளவில் அதே போலத் தப்பி வந்தார்கள். மிச்சம் இருப்பவர்களைப் பற்றி சியோல் பலமுறை கேட்டது. எங்களிடம் போர்க்கைதி என்று யாருமே இல்லை என்பதுதான் பியோங்யாங் தந்துவரும் பதில்.

(தொடரும்)